பூக்குழியில் மெல்ல நடந்தவர்

என் வீட்டுக்காரர் மகேந்திரன் ரவாங்கில் ஒரு பாக்டரியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ஆள் பார்க்கத்தான் வாட்டசாட்டம். கத்தி என்று யாராவது சொன்னால் போதும், முகம் வெளுத்துவிடும். முடிவெட்டுகிற கடையில்கூடச் சவரக்கத்தி வேண்டாம், மெஷின் போதும் என்பார். அப்படிப்பட்டவருக்கு இடுப்பில் வலி வந்து இரண்டு கால்களுக்கும் இறங்கியபோது, புக்கிட் பெருந்துங்கில் எங்கள் தாமானிலிருந்து அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஆளுக்கொரு ஒப்பரேஷன் கதையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ஒரு கதையிலும் ஒருத்தர்கூட எழுந்து நடக்கவில்லை.

அதனால்தான் டாக்டர் வாகீஸ்வரியைத் தேடிப் போனோம். முதுகெலும்பிலும் மூளையிலும் அறுவைச் சிகிச்சை செய்கிற பெரிய டாக்டர் அவர். ஆனால் ஊரில் அவருக்கு ‘வெட்டாத டாக்டர்’ என்றுதான் பெயர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா துரைசிங்கம் ஜெராம் பக்கத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவராம்.

எம்ஆர்ஐ படத்தை நீட்டினால் அந்த அம்மா வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்துவிடுவார். முதலில் நடக்கச் சொல்வார். குதிகாலில் நட, நுனிக்காலில் நட என்பார். அதற்குப் பிறகுதான் படம். வைத்தியம் ஆளுக்குத்தான், படத்துக்கு இல்லை என்பது அவர் கட்சி. வேலையில் சேர்ந்த புதிதில் படத்தை நம்பிச் சிலரை வெட்டியதாகவும், அவர்களுக்கு வலி போகவே இல்லை என்றும் அவரே எங்களிடம் சொன்னார். எந்த டாக்டர் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்வார்? எனக்கு அன்றைக்கே அவரைப் பிடித்துப்போனது.

இவரையும் அப்படி நடக்கவிட்டுப் பார்த்தார். எலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, இப்போதைக்குக் கத்தி வேண்டாம், பயிற்சி செய்தால் போதும் என்றார். கிளம்பும்போது ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார்.

“வலி இருக்கும்வரைக்கும் எனக்குப் பயமில்லை. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் போகக் கஷ்டமாயிருந்தாலோ, அடுத்த நாளுக்கு வைக்காமல் ஓடி வாங்கோ.”

நான் தலையாட்டினேன். இவர் காதில் ‘கத்தி வேண்டாம்’ என்பதற்கு மேல் எதுவும் ஏறவில்லை.

திரும்பும் வழியிலேயே காரைக் கோலசிலாங்கூர் பக்கம் விட்டார். இவர் பிறந்த தோட்டம் அங்கே இருந்தது. தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டார்கள், செம்பனை மரங்களுக்கு நடுவே மாரியம்மன் கோயில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. கத்தி படாமல் வலி போனால் ஆடித் திருவிழாவில் தீ மிதிக்கிறேன் என்று அங்கே வேண்டிக்கொண்டார். நாள் நெருங்கியதும் காப்புக் கட்டி விரதம் இருந்தார். திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் எழுந்து உட்கார்ந்தார், வலி இல்லை. துடைத்துப் போட்டதுபோல் போயிருந்தது.

“ஆத்தா எடுத்துட்டா, ஷாமளா,” என்றார். நான் சாமி மாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். பொய் சொல்வானேன், எனக்கும் மெய்சிலிர்த்துத்தான் போனது.

தீ மிதிக்கிறவர்கள் ஓட்டமும் நடையுமாகத்தான் போவார்கள். இவர் மெல்ல நடந்தார். தணல்மேல் ஒவ்வொரு அடியாக வைத்து, கல்யாண ஊர்வலத்தில் போகிற மாதிரி நடந்தார். உறுமி அடித்தவர்கள்கூட ஒரு கணம் நிறுத்திவிட்டார்கள். தணலைத் தாண்டிப் பால்குழியில் இறங்கியபோது முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. சூடே தெரியவில்லை என்றார். இப்படி ஒரு நடையைத் தான் பார்த்ததே இல்லை என்று கோயில் தலைவர் சிவானந்தம் மைக்கில் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் டாக்டர் எங்களைத் திரும்ப வரச்சொல்லியிருந்த நாள். நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் பிரசாதத்தோடு போனோம். நடந்ததையெல்லாம் கொஞ்சம் கைச்சரக்கும் சேர்த்து நானே சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார்.

“மெல்லவா நடந்தார்?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன், பெருமையாக.

செருப்பைக் கழற்றச் சொன்னார். பாதங்கள் கொப்பளித்து, சில இடங்களில் தோல் கருகி உரிந்திருந்தது. காலையில் நான்தான் மஞ்சள் பூசிவிட்டேன். அப்போதும் இவர் ‘ஸ்’ என்றுகூடச் சொல்லவில்லை. அதையும் அருள் என்றுதான் நினைத்தேன். நுனிக்காலில் நிற்கச் சொன்னார் டாக்டர். குதிகால் தரையைவிட்டு எழும்பவில்லை. கடைசியாக எப்போது சிறுநீர் போனீர்கள் என்று கேட்டார். இவர் யோசித்தார். விரதத்தில் தண்ணீர் அதிகம் குடிக்கவில்லை, அதனால் சரியாகப் போகவில்லை என்றார். டாக்டர் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். சிறுநீர்ப்பை நிறைந்து விம்மியிருக்கிறது, அதுகூட இவருக்குத் தெரியவில்லை என்றார்.

வலி குணமாகவில்லை, வலியைச் சொல்கிற நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது என்றார். வட்டு மொத்தமாகப் பிதுங்கி நரம்புக் கற்றையை நசுக்குகிறது. இன்றைக்கே முதுகைத் திறக்கவேண்டும். இன்றைக்குச் செய்தாலும் எவ்வளவு திரும்பும் என்று சொல்லமுடியாது. விட்டால் காலும் போகும், சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இருக்காது. வெட்டாத டாக்டர் வாயிலிருந்து இது வந்தது.

இவர் அசையவில்லை. “வலியே இல்லாதவனுக்கு எதுக்கு டாக்டர் ஒப்பரேஷன்? ஆத்தா எடுத்துட்டா. இனிமே கத்தி வெச்சா அது துரோகம்லா.”

டாக்டர் சாமியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இவரைப் படுக்கவைத்துக் கண்ணை மூடச் சொன்னார். ஒரு ஊசியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

“நான் குத்தினால் நம்பமாட்டார். நீங்கள் குத்துங்கோ.”

இவர் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். குத்துவது பட்டால் சொல்கிறேன் என்றார். நான் வலது பாதத்தில் காயமில்லாத ஓரமாகப் பார்த்து லேசாகத் தொட்டேன். பிறகு குத்தினேன். சிரிப்பு அப்படியே இருந்தது. சுண்டுவிரலில் குத்தினேன். ஒரு பொட்டு ரத்தம் வந்தது. இடது பாதத்துக்குப் போய் ஆத்திரத்தோடு அழுத்திக் குத்தினேன். கத்துய்யா, ஒரு தடவை கத்திடு என்று மனத்துக்குள் கெஞ்சினேன்.

“ஆரம்பியேன் ஷாமளா,” என்றார் இவர். “எவ்வளவு நேரம் இப்படியே கெடக்குறது?”

எனக்கு அழுகை பீறிட்டுவிட்டது. அந்தச் சத்தத்தில் கண்ணைத் திறந்தவர், தலையைத் தூக்கிக் காலைப் பார்த்தார். என் கையிலிருந்த ஊசியைப் பார்த்தார்.

“எப்பருந்து குத்துற?”

நான் ஊசியைக் கீழே வைத்தேன். இவர் உதடு துடிக்க டாக்டர் பக்கம் திரும்பினார்.

“சீக்கிரம் டாக்டர்.”

டாக்டர் போனை எடுத்து அறுவை அறையைத் தயார் செய்யச் சொன்னார். நான் இவர் காலடியில் நின்று இரண்டு பாதங்களையும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன். “ஷாமளா, கிட்ட வந்து என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்கயேன்,” என்றார் இவர், கண்ணை மூடிக்கொண்டு.