தொட விடாத கை

சலவைக்கூடத்தில் அவளுடைய மாமியாருக்குப் பளிச்சம்மா என்றுதான் பெயர். மூட்டை மூட்டையாக வந்து குவியும் விரிப்புகளில் ஒரு சொட்டுக் கறை தங்கிவிட்டாலும் அந்த அம்மாளுக்குச் சோறு இறங்காது. கறைபட்ட துணியை ராத்தங்க விடக்கூடாது என்பது அவர் போட்ட சட்டம். முதலாளியே அவர் எதிரில் காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வார்.

மருமகளுக்கும் அதே கூடத்தில் இஸ்திரி வேலை. ஒருநாள் நீராவி இஸ்திரியின் மேல்தகடு அவளுடைய வலது புறங்கையின் மேல் இறங்கிவிட்டது. மணிக்கட்டு வரைக்கும் தோல் வழன்று போயிற்று.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா காயத்தைச் சுத்தம் செய்து, கண்ணாடித்தாள் மாதிரி ஒரு மெல்லிய படலத்தை ஒட்டினார். பட்டுப்புழு கட்டுகிற கூட்டிலிருந்து எடுத்த புரதத்தில் செய்ததாம். கிருமியை உள்ளே அண்ட விடாது, அடியில் புதுத்தோல் வளர்ந்ததும் தானாகவே கழன்று விழும் என்றார். மஞ்சளாகக் கொஞ்சம் நீர் கோக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். நாற்றமெடுத்தாலோ, சுற்றிலும் சிவப்புப் பரவினாலோ, காய்ச்சல் அடித்தாலோ உடனே ஓடி வர வேண்டும்.

"அவசரப்பட்டுப் பிச்சுடாதீங்க. புதுத்தோலும் சேர்ந்து வந்துடும். தழும்பு இறுகிப்போச்சுன்னா விரலை மடக்க வராது" என்றார்.

விரல் மடங்காத கைக்குச் சலவைக்கூடத்தில் என்ன வேலை? அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

டாக்டரம்மா சொன்னபடியே மஞ்சள் நீர் கோத்தது. பளிச்சம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அது சீழ்தான் என்று சாதித்தார். கழுவாத புண் எங்கே ஆறும் என்று வெந்நீர்ப் பாத்திரமும் கையுமாக மருமகள் பின்னாலேயே சுற்றினார். புருஷன்காரனோ, அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒத்து ஊதினான். பக்கத்து வீட்டுக்காரி பற்பசையோடு வந்தாள்.

"பல் வலிச்சா கூப்பிடறேன், அக்கா" என்று சொல்லி மருமகள் கதவைச் சாத்தினாள்.

யாருக்கும் அவள் மசியவில்லை. ஆனால் அவளும் சலவைக்காரிதானே? அந்த மஞ்சளைப் பார்க்கும்போதெல்லாம் அவளுடைய இடது கையே தேய்க்கப் பரபரத்தது. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, "கடவுளே, இவங்க பாசத்துலேருந்து என் கையைக் காப்பாத்து" என்று வேண்டிக்கொண்டாள்.

ஒரு பிற்பகல் கண் அயர்ந்துவிட்டாள். கையில் ஏதோ இதமாகப் படவே விழித்தாள். கட்டிலை ஒட்டித் தரையில் பளிச்சம்மா உட்கார்ந்திருந்தார். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி, படலத்தின் ஓரத்தை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். சுண்டுவிரல் பக்கம் ரத்தம் துளிர்த்திருந்தது.

அவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இது விரிப்பு இல்ல, அத்தை. என் கை. என்னைக் கேக்காம யாரும் தொடக்கூடாது. நீங்களும்தான்."

அந்த வீட்டில் பளிச்சம்மாவிடம் அதுவரை யாரும் அப்படிப் பேசியதில்லை. சத்தம் கேட்டு வந்த புருஷன் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னான். கேட்க மாட்டேன், முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று அவள் செருப்பை மாட்டினாள்.

வாசலில் ஒரு நிமிஷம் நின்று திரும்பிப் பார்த்தாள். கிழவி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பாத்திரத்தில் ஆவி பறக்கவில்லை. மருமகளுக்குச் சுடக்கூடாதென்று ஆற வைத்த தண்ணீர். பக்கத்தில் இருந்தது வீட்டிலேயே மெத்தென்ற துணி.

"அழுக்கோட உன்னைப் படுக்கப் போட்டுட்டு எனக்கு எப்படிம்மா தூக்கம் வரும்?" என்றார் பளிச்சம்மா.

அவளுக்குக் கோபம் போய்விடவில்லை. ஆனாலும், "நீங்களும் வாங்க, அத்தை. டாக்டர் சொல்றதை உங்க காதாலயே கேளுங்க" என்றாள்.

டாக்டரம்மா பிய்ந்த ஓரத்தைச் சுத்தம் செய்து, புதிதாக ஒரு துண்டுப் படலம் வைத்து மூடினார். மஞ்சள் நீர் சீழல்ல, புண் ஆறும்போது ஊறுவது என்று பளிச்சம்மாவுக்கு நிதானமாக விளங்க வைத்தார். உரிந்த இடத்தில் மட்டும் தழும்பு இறுகலாம் என்றும் சொன்னார். பளிச்சம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பி வரும் வழியில் மருமகள் சொன்னாள்: "இனிமே இதை யாரும் தொடாம நீங்கதான் பாத்துக்கணும். நானே தொட வந்தாலும் விடாதீங்க."

அவ்வளவுதான். பற்பசைக்காரி மறுபடி எட்டிப் பார்த்தபோது தெருக்கோடி வரை அர்ச்சனை விழுந்தது. மகன் குனிந்து பார்த்தாலே, "கண்ணால பாரு, போதும்" என்று அதட்டல் வரும். அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் படலத்தின் ஓரத்தைத் தூக்கிப் பார்க்கப் போக, பளிச்சம்மா குறுக்கே கையை நீட்டினார்.

"தானா விழும்னு சொன்னது நீங்கதானே? விழட்டும்."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே நர்ஸைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

ஒரு காலையில் படலம் தலையணை மேல் உதிர்ந்து கிடந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல். மாமியாரும் புருஷனும் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மெல்ல விரல்களை மடக்கினாள். நாலு விரலும் உள்ளங்கையைத் தொட்டன. சுண்டுவிரல் மட்டும் பாதியில் நின்றது.

டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி பளிச்சம்மா தினமும் அந்த விரலை எண்ணெய் தொட்டு நீவிவிடுகிறார். மருமகள் பழைய இஸ்திரிக்கே திரும்பிவிட்டாள். கூடத்தில் யாராவது அந்த விரலைப் பார்த்து உச்சுக் கொட்டினால் அவளுக்குப் பிடிப்பதில்லை.

"அது நிமிர்ந்தே இருக்கட்டும். எங்க அத்தையையே எதிர்த்து நின்ன விரல்" என்பாள்.

"வாயைப் பாரு" என்பார் பளிச்சம்மா, நீவுவதை நிறுத்தாமல்.