வளைந்த குறிகளுக்கு நடுவே

கரையான்சாவடியில், ஆவடி ரோட்டில் இருக்கிற ஃப்ளெக்ஸ் கடைகளில் மேற்கோள் குறியை ஒழுங்காகப் போடத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் மேலே பார்த்துக்கொண்டே ரோட்டில் ஒரு நடை நடந்து வரலாம். “டைல்ஸ்” திருமுருகன், “மெடிக்கல்” அழகேசன், “தண்ணி லாரி” வேலுசாமி என்று, காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் கட்டிய பேனர்களில் பட்டப்பெயர் இல்லாத மனிதரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பட்டப்பெயருக்கு இரண்டு பக்கமும் குறி போட்டாக வேண்டும் என்பது எங்கள் பக்கத்துச் சட்டம். மற்ற கடைக்காரர்கள் கீபோர்டில் இருக்கும் நேர்க்குறியை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சுவரில் ஆணி அடித்த மாதிரி இருக்கும், இந்தப் பக்கமும் அதே, அந்தப் பக்கமும் அதே. என் குறிகள் வளைந்தவை. முன்னால் இருப்பது திறக்கும், பின்னால் இருப்பது மூடும். அப்போதுதான் நடுவில் இருக்கிற பேருக்கு ஒரு மரியாதை.

என் பேர் வசந்தகுமாரி. கோபம் கொஞ்சம் அதிகம் என்பார்கள். பொய்யில்லை.

போன மாதம் பஞ்சவர்ணம் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். ஆவடியில் ஒரு ராணுவத் தளவாடத் தொழிற்சாலையின் கேட்டுக்கு எதிரே, தள்ளுவண்டியில் காலமெல்லாம் இட்லியும் வடகறியும் விற்றவர். தொழிற்சாலைக்காரர்கள் அந்தக் கேட்டை மூடி வேறு பக்கம் திறந்துவிட, வியாபாரம் படுத்துவிட்டது. மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருந்தவர், என் கடைக்கு நாலு கடை தள்ளி ஒரு சின்ன இடத்தை வாடகைக்குப் பிடித்திருந்தார்.

“பழைய ஆளுங்க பாதி பேரு இந்த ரோட்டுலதான் வேலைக்குப் போறாங்க வசந்தா. அதுக்குத்தான் இங்க புடிச்சேன். அவங்க வந்துட்டா நான் பொழச்சுக்குவேன். புதுசா ஆள் புடிக்க எனக்குத் தெம்பு கெடையாது.”

“அவங்களுக்கு போன் பண்ணிச் சொல்லிடலாமே யக்கா.”

“யார் நம்பரு எங்கிட்ட கீது? டெய்லி கேட்டாண்ட வருவாங்க, பார்ப்பேன். நம்பரு இன்னாத்துக்கு?”

ஆக, அவர்களைக் கூப்பிட பேனர் ஒன்றுதான் வழி. போட்டோ போடலாமா என்று கேட்டதற்கு அக்கா பதறிவிட்டார். “வேணாம்மா. தனியா என் மூஞ்சிய மட்டும் போட்டா கண்ணீர் அஞ்சலி மாதிரி கீது.” அதுவும் நியாயம்தான். எனவே எழுத்தை நம்பி, கேட்டு வாசலில் விற்றதால் வந்த பட்டப்பெயரையும் சேர்த்து, “கேட்டுக்கடை” பஞ்சவர்ணம் டிபன் சென்டர் என்று அடித்து, என் குறிகளைப் பெரிதாக, தங்கக் கரை கட்டிப் போட்டுக் காட்டினேன்.

மகள் தீபிகாவுக்குப் பிடிக்கவில்லை. வானகரத்து ஃப்ளாட்டில் குடியிருந்து அம்பத்தூரில் ஐ.டி. வேலைக்குப் போகிற பெண். திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள்.

“இந்த டபுள் கோட்ஸ் ஏன் அக்கா இப்படி வளைஞ்சு இருக்கு? எங்க வேலையில இது ஒண்ணு உள்ள வந்துட்டா மொத்த புரோகிராமும் நின்னுடும். போன வாரம்கூட யாரோ வேர்டுல இருந்து காப்பி பண்ணிப் போட்டு பாதி நாள் போச்சு. நேரா இருக்கறதுதான் சரி.”

“உன் கம்ப்யூட்டருக்கு நேரா கீறது சரி. இது மனுஷங்க படிக்கறதும்மா.”

“மனுஷங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

“அப்போ செருப்புகூட ரெண்டும் ஒண்ணுதான். வலதை இடதுல மாட்டிக்கினு போய்ப் பாரு.”

அவளும் லேசுப்பட்டவள் இல்லை, பதிலுக்கு நாலு வார்த்தை சொன்னாள். அக்கா எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்துவிட்டு டீ சொல்ல வெளியே போனார். அவர் தலை மறைந்ததும் தீபிகாவின் குரல் இறங்கியது.

“அக்கா, அந்த கேட்டுக்கடைங்கறதையே எடுத்துடுங்க. வெறும் பஞ்சவர்ணம் போதும்.”

“ஏம்மா?”

“நான் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பசங்களோட படிச்சேன். அங்க யாருக்கும் என் பேர் தெரியாது. கேட்டுக்கடைப் பொண்ணுதான். இப்ப அம்மாவுக்குக் கூரை போட்ட கடை வந்திருக்கு. அந்தக் கேட்டை இங்கயும் தூக்கிட்டு வரணுமா?”

மறுநாள் அக்காவிடம் தனியாகக் கேட்டேன். அவர் அதிகம் யோசிக்கவில்லை. “அவ சொன்னா சரிம்மா. பள்ளிக்கூடம் உட்டு ஃப்ரெண்டுங்களோட அந்தப் பக்கமா வரும். என்னைப் பார்த்தா அதுக்கு ஒரு மாதிரி ஆயிடும். அதனால அந்த நேரத்துக்கு நான் அடுப்பாண்ட திரும்பிக்குவேன். முதுகைப் பார்த்தா யாரோன்னு போயிடலாம் பாரு.” காய்கறி விலை சொல்வது போல் சொல்லிவிட்டு, பேனர் எப்போது கிடைக்கும் என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பெற்றவளுக்கே சம்மதம் என்றால் நான் யார் நடுவில்?

இங்கேதான் தொழில் விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். நான் குறிகளை எழுத்தோடு சேர்த்து அடிப்பதில்லை. தனிப் படமாக வரைந்து, நிழல் கொடுத்து, கை பட்டு நகராதபடி பூட்டி வைத்துவிடுவேன். உள்ளே பேர் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அன்று முகூர்த்த நெருக்கடி, வரிசையாகக் கல்யாண பேனர்கள். “கேட்டுக்கடை”யைத் தொட்டேன், அழித்தேன், ஃபைலைப் பூந்தமல்லிக்குப் பிரிண்டுக்கு அனுப்பிவிட்டேன். பூட்டிய குறிகள் பூட்டியபடியே இருந்திருக்கின்றன.

திறப்பு விழா அன்று காலையில் ரோட்டிலிருந்து பேனரைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தங்கக் கரை கட்டிய என் குறி ஒன்று திறக்கிறது. பிறகு ஒரு கை நீளத்துக்கு வெறும் மஞ்சள். அதன் பிறகு இன்னொரு குறி மூடுகிறது. அதற்கப்புறம் பஞ்சவர்ணம் டிபன் சென்டர். தூக்கிவாரிப் போட்டது.

தீபிகா வாசலில் கை கட்டிக்கொண்டு நின்றாள். “என்னக்கா இது?”

“டிசைன்” என்றேன். கூசாமல் சொல்ல எனக்கு வரும்.

“வெறும் கோட்ஸ் டிசைனா? எங்க ஆபீஸ்ல இதை எம்ப்டி ஸ்ட்ரிங்னு சொல்லுவோம். உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். கழட்டுங்க, வேற அடிச்சுட்டு வாங்க.”

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தார். “கட்டுனதை அவுக்காதீங்க. மொத நாளே பேனரை எறக்குனா நல்லாவா கீது?”

பால் காய்ச்சியாகிவிட்டது, சாமிக்குக் கற்பூரம் காட்டியாகிவிட்டது. முதல் ஈட்டு இட்லி வெந்து ஹாட்பாக்ஸுக்குப் போனது. ரோட்டில் தொழிற்சாலை அடையாள அட்டை தொங்க வண்டிகள் போய்க்கொண்டேதான் இருந்தன. ஒருவரும் நிறுத்தவில்லை. இரண்டாவது ஈடும் வெந்துவிட்டது. அக்கா ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் கரண்டியை நிறுத்தி, பிறகு மறுபடி கிண்டினார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. தீபிகாவுக்கும் முடியவில்லை, அவள் போனை எடுத்து எடுத்து வைத்தாள்.

அப்போது ஒரு வண்டி எங்களைத் தாண்டிப் போய் நின்று, காலால் உந்திக்கொண்டே பின்னால் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றாமல் தலையை நிமிர்த்திப் பேனரைப் படித்தார் ஒருவர். சட்டையில் ஞானசேகரன் என்று அட்டை. வழியில் நின்ற தீபிகாவிடம் கேட்டார்.

“இன்னாம்மா, நடுவுல காலி உட்டுகீறாங்க? பேர் உட்டுப்போச்சா?”

“அதெல்லாம் இல்ல சார். கடை பேர் அவ்வளவுதான்.”

“கோட்ஸ் போட்டா உள்ள ஒரு பேர் இருக்கணுமே. எந்தப் பஞ்சவர்ணம்? பூக்காரம்மாவா? சீட்டுக்காரம்மாவா?”

தீபிகா என்னைப் பார்த்தாள். நான் பேனரைப் பார்த்தேன். சொல்ல வேண்டியது நான் இல்லை. உள்ளே அக்கா சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டதைப் பார்த்தேன். மகள் பார்த்தாளா என்று திரும்பினேன். பார்த்துவிட்டாள். அந்த முதுகு அவளுக்குப் பழக்கமானது போலிருக்கிறது, முகம் அப்படி மாறியது.

“கேட்டுக்கடை” என்றாள். ஹெல்மெட்டுக்குள் அது கேட்கவில்லை போலிருக்கிறது. கனைத்துக்கொண்டு இன்னொரு தடவை சொன்னாள். “கேட்டுக்கடை பஞ்சவர்ணம் சார். எங்கம்மா.”

ஞானசேகரன் ஹெல்மெட்டைக் கழற்றினார். “நம்ம கேட்டுக்கடை அக்காவா? அவங்க பேரு பஞ்சவர்ணமா? இத்தினி வருஷம் துன்னுகீறேன், பேரே தெரியாதேம்மா. கேட்டு மூடுனதுலருந்து தேடிக்கினு கீறோம், எங்க போனாங்கன்னு ஒருத்தனுக்கும் தெரியல.” வண்டியை ஸ்டாண்டு போடுவதற்குள்ளேயே போனை எடுத்து, தன் செக்‌ஷன் குரூப்பில் குரல் பதிவு போட்டார். “டேய், கேட்டுக்கடை அக்கா கரையான்சாவடில கீறாங்கடா. வடகறி கீது. எனக்கு மிச்சம் வெச்சுட்டு துன்னுங்க.”

தேடிக்கொண்டிருந்தார்கள் என்ற வார்த்தை தீபிகாவை நன்றாகவே தைத்துவிட்டது. என் சேலை மடிப்பில் எப்போதும் ஒரு கறுப்பு மார்க்கர் குத்தியிருக்கும். கேட்காமலே அதைப் பிடுங்கினாள்.

“இரும்மா, ஸ்டிக்கர் வெட்டித் தரேன், கடை தோ கீது” என்றேன்.

“வேணாம்க்கா.”

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். என் தங்கக் கரைக் குறிகளுக்கு நடுவே இருந்த மஞ்சளில், கேட்டுக்கடை என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். “கே” பெரிதாக விழுந்தது, “டை”க்கு இடம் பற்றாமல் மூடும் குறியின் மேல் ஏறிவிட்டது. வரி மொத்தமும் ஆவடிப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. கீழே இன்னும் இரண்டு வண்டிகள் வந்து நின்றன. எழுதி முடித்து, நாற்காலியில் நின்றபடியே உள்ளே பார்த்துக் கத்தினாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

“அம்மா, திரும்பும்மா. இங்க பாரு. நேரா கீதா?”

கரண்டியோடு அக்கா திரும்பினார். வாசலுக்கு வந்து, பேனரைப் பார்க்கவில்லை, நாற்காலி மேல் நின்ற மகளைத்தான் வெகுநேரம் பார்த்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நேரா கீது” என்றார்.

எங்கே நேராக இருக்கிறது? இந்த ரோட்டிலேயே அவ்வளவு கோணலான எழுத்தை நான் பார்த்ததில்லை. தீபிகா என் பக்கம் திரும்பி, “அக்கா?” என்றாள்.

“நேராத்தான் கீது” என்றேன்.