இரண்டு கைப்பிடித் தொட்டி

என் தம்பி ரஸ்ஸலை வண்டியின் பின்பக்கத்தில் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி, வடக்கேயிருந்து ஓட்டிக்கொண்டு வந்தவள் நான்தான். பிணமாக இல்லை, சாம்பலாகவும் இல்லை. மண்ணாக. எங்கள் ஓரிகன் மாநிலத்தில் இப்போது அதற்கும் ஓர் இடம் வந்துவிட்டது. செத்தவரை வைக்கோலும் மரச்சீவலும் சேர்த்து ஒரு பெரிய உருளைக்குள் படுக்கவைத்து, மண்ணாக்கித் திருப்பித் தருகிறார்கள். டப்பாவில் தருவார்கள் என்று நினைத்துப் போனேன். வண்டி நிறையத் தந்தார்கள். ஒல்லிப் பயல், உயிரோடு இருந்தபோது ஒரு நாற்காலியைக்கூட நிறைத்ததில்லை.

வழியெல்லாம் மழை. வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். மலைமேல் கல்லறையில் அப்பா அம்மா பக்கத்தில் அவனுக்கென்று இடம் விட்டு வைத்திருக்கிறது. அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கியபோது முன்கைப்பிடியில் ஒரு பக்கம் அவன், மறுபக்கம் நான். அம்மாவுக்கும் அப்படியே. இவனுக்குப் பெட்டியும் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. யாரும் தூக்காமலே போய்விட்டான். அது என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

போக வேண்டியவன் அவனல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். அவன் பெண்டாட்டி மார்லாவுக்குத்தான் புற்றுநோய். ரெண்டு வருஷமாக மருந்து ஏற்றுகிறார்கள். அவளுக்காகத்தான் நாங்கள் எல்லோரும் மனதைத் தயார்ப்படுத்தி வைத்திருந்தோம். பிப்ரவரியில் ஒருநாள் காலை, விறகு எடுக்கப் போனவன் விறகுமேலேயே சாய்ந்துவிட்டான். வரிசையில் நின்றவள் அவள். நடுவில் புகுந்து போனவன் இவன்.

மருந்து ஏற்றிய வாரங்களில் மார்லாவுக்குத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி வரும். ரஸ்ஸல் வளர்த்த கஞ்சாதான் அவளுக்கு நாலு வாய் சோறு இறங்க வழி. கடையில் இல்லையா என்றால் இருக்கிறது. எங்கள் ஊரில் ரொட்டிக்கடையைவிட அந்தக் கடைகள்தான் அதிகம். ஆனால் கடைச் சரக்கு எதை இழுத்தாலும் அவளுக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, மூலையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிடுவாள். ரஸ்ஸல் வருஷக்கணக்காக ஒன்றோடு ஒன்று சேர்த்து எடுத்த இனம் மட்டும்தான் அவளை ஒன்றும் செய்யாது. போன வருஷத்துச் சரக்கு தீரப்போகிறது. விதை குளிர்பெட்டியில், ஒரு கடுகு பாட்டிலில் இருந்தது. மொத்தம் நாலே நாலு. வீட்டுக்கு நாலு செடிதான் சட்டம் என்பதால் அதற்குமேல் அவனும் எடுத்து வைக்கவில்லை, மடையன்.

"என்னைத் தொட்டியில போட்டு மேல விதையை நடு" என்று அவன் அடிக்கடி சொல்லுவான். நான் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தேன். மார்லா அதை உத்தரவாக எடுத்துக்கொண்டாள்.

"இது அநியாயம்டி. அவனைப் புகைபிடிக்கப் போறியா?" என்றேன்.

"முப்பது வருஷம் அவன்கூடக் குடித்தனம் பண்ணியிருக்கேன். இதுவா பெரிசு?" என்றாள்.

அவன் செடி வளர்த்த பழைய துணித்தொட்டிகளை எலி கடித்து வைத்திருந்தது. வெயிலில் தையலும் இற்றுப் போயிருந்தது. மே மாதம் அவளைக் கூட்டிக்கொண்டு ஹேங்க்கின் கடைக்குப் போனேன். உரமும் மண்ணும் தொட்டியுமாக விற்கிறவர். ரஸ்ஸலோடு மீன்பிடிக்கப் போய்வந்தவர். மார்லாவைப் பார்த்ததும் தொப்பியை எடுத்தார்.

கறுப்புக் கம்பளித்துணி மாதிரியான துணியில் தைத்த தொட்டிகள். பிளாஸ்டிக் தொட்டியில் வேர் சுவரில் முட்டிச் சுற்றிச் சுற்றியே வருமாம். துணியில் காற்றுப் பட்ட இடத்தில் நின்றுவிட்டு, பக்கத்தில் புது வேர் விடுமாம். வாளி அளவு, அதற்கடுத்தது, பிறகு துணி துவைக்கும் தொட்டி அளவு என்று வரிசையாக அடுக்கியிருந்தார். பெரியதில் எதிரும் புதிருமாக ரெண்டு கைப்பிடி. மார்லா நேராகப் பெரியதிடம் போனாள்.

"சின்னது போதும் மார்லா. தண்ணி ரெண்டு வேளை ஊத்தணும், அவ்வளவுதானே? தூக்கி வைக்கச் சுளுவா இருக்கும்" என்றார் ஹேங்க்.

"ரஸ்ஸல் இதைத்தான் வாங்குவான்."

"அவன் வாங்குவான். அக்டோபர்ல மழை பிடிச்சா பூ அழுகிடும், கொட்டகைக்குள்ள தூக்கிட்டுப் போகணும். ஒரு கைப்பிடிக்கு நீ, இன்னொண்ணுக்கு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"இன்னொண்ணுக்கு வெர்னா இருக்கா" என்றாள் மார்லா, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"என்னைக் கேட்டியாடி? நான் என்ன கழுதையா? இடுப்பே இப்பவோ அப்பவோன்னு நிக்குது!" என்றேன். அவள் அதற்குள் தொட்டிகளைக் கொண்டுபோய்க் கல்லாமேல் வைத்துவிட்டாள். நோயாளியோடு சண்டை போட்டால் ஊர் நம்மைத்தானே பேசும்.

மண் விஷயத்தில் மட்டும் ஹேங்க் விட்டுக்கொடுக்கவில்லை. ரஸ்ஸலை மட்டும் நிரப்பினால் செடி செத்துப்போகும் என்றார். அந்த மண்ணில் சத்து அதிகம், இறுகிப் போகும், வேருக்கு மூச்சு விட இடம் இராது. ஒரு பங்கு ரஸ்ஸல் என்றால் மூன்று பங்கு தென்னை நார்த்தூளும், மண்புழு உரமும், பெர்லைட் என்கிற வெள்ளைப் பொரிகல்லும் போட வேண்டும். மார்லாவின் முகம் தொங்கிவிட்டது.

"அவ்வளவு கொஞ்சமாவா?"

"உயிரோட இருந்தப்பவும் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தாங்க முடிஞ்சுது" என்றேன். அந்த வருஷத்தில் அவள் சிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். சிரித்து முடிப்பதற்குள் அழுதுவிட்டாள், ஹேங்க் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூட்டைகளை அடுக்கினார்.

கலக்கியது நான். அவளுக்குக் கையில் ஊசி ஏற்றிய இடம், மண் படக்கூடாது. தொடவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருந்தவள், தள்ளுவண்டிக்குள் முழங்கை வரை விட்டுக் கிளறினேன். மழை பெய்த காட்டின் வாசனைதான் வந்தது, வேறெதுவும் இல்லை. பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்க வேண்டும். உருண்டையாக நிற்கணும், விரலால் தொட்டதும் உதிரணும். என் கையில் உருண்டையாக நின்றான். தொட்டேன், உதிர்ந்தான். அதன்பிறகு கொஞ்ச நேரம் எனக்குக் கண் தெரியவில்லை. மிச்சத்தை அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊசியிலை மரத்தடியில் கொட்டினோம்.

நாலு விதையில் ஒன்று முளைக்கவே இல்லை. ஒன்றை நத்தை தின்றது. மூன்றாவது ஜூலையில் ஆண் செடி என்று காட்டிக்கொடுத்தது. ஆண் செடியை வைத்திருந்தால் பெண் பூவெல்லாம் விதையாகிக் கெட்டுவிடும். பிடுங்கிப் போட்டோம். மிஞ்சியது ஒன்றே ஒன்று. அது வளர்ந்தது பார், வேலிக்குமேல் தலை நீட்டிவிடும் என்று கயிறு கட்டி வளைக்க வேண்டியிருந்தது. மார்லா தேய்ந்தாள். அது தழைத்தது. காலையில் தண்ணீர் ஊற்றப் போனவள் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, அதனோடு என்னவோ பேசிக்கொண்டிருப்பாள். வருகிறவர்களிடம் நான் அதைச் சொல்லவில்லை.

அறுவடைக்கு இன்னும் ஒரு வாரம் என்று இருக்கும்போது, சொல்லிவைத்த மாதிரி மழை பிடித்தது. மத்தியானம் போன் வந்தது.

"வெர்னா, என்னால தனியா முடியல. இழுத்துப் பாத்தேன், அசைய மாட்டேங்குது."

போனபோது அவள் தொட்டிக்குப் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முடி இல்லை, குல்லாவும் நனைந்து ஒட்டிக்கிடந்தது. "சின்னதை வாங்குன்னு ஹேங்க் அப்பவே சொன்னாரா இல்லையா?" என்று கத்திக்கொண்டேதான் ஓடினேன். துணி முழுக்கத் தண்ணீர் குடித்து, தொட்டி கல்லாகக் கனத்தது. ஹேங்க் போனை எடுக்கவில்லை.

"கொஞ்சம் மண்ணைத் தோண்டி எடுத்துட்டா?" என்றாள்.

"வேரைக் கிளறினா அவ்வளவுதான். பிடி நீ அந்தப் பக்கம்."

பிடித்தோம். தூக்கினோம். நாலடி வைப்பதும் இறக்குவதுமாக நடந்தோம். என் இடுப்பு விட்டுப்போகிற மாதிரி வலித்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். செடி எங்கள் ரெண்டு பேர் நடுவிலும் தலையை ஆட்டிக்கொண்டே வந்தது. பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது. என் கையில் இருந்தது கைப்பிடி. நான் தூக்கிக்கொண்டு போவது என் தம்பியை. அந்த மழையில், வாய்விட்டு, "ரஸ்ஸல், ரஸ்ஸல்" என்று அழுதேன். அதுவரை ஒரு தடவைகூட அப்படி அழவில்லை. மார்லா தன் பக்கத்தை விடாமல் பிடித்திருந்தாள்.

கொட்டகைக்குள் இறக்கி வைத்ததும் பூக்களைப் பிரித்துப் பார்த்தோம். உச்சியில் இருந்த பெரிய பூக்களுக்குள் சாம்பல் நிறப் பூசணம் ஏறிவிட்டது. கீழ்க்கிளைகள் மட்டும் தப்பியிருந்தன. நான் கத்தியை எடுத்து அழுகியதையெல்லாம் வெட்டிப் போட்டேன். விதை ஒன்றுகூட இல்லை. இந்த இனம் இதோடு சரி.

"மிச்சம் எத்தனை நாளைக்குடி வரும்?" என்றேன்.

"கிறிஸ்துமஸ் வரைக்கும் வரும்."

"அப்புறம்?"

"எனக்கும் அவ்வளவுதான் வெர்னா. போன வாரமே டாக்டர் சொல்லிட்டார். இனி மருந்து ஏத்த மாட்டாங்க."

தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவள் தொட்டியின் கைப்பிடியைப் பிழிந்தாள், துணியிலிருந்து கறுப்பாகத் தண்ணீர் ஒழுகியது.

"என்னைப் போடும்போது சின்னதா வாங்கு. நீ தனியாத் தூக்கணும்ல" என்றாள்.

"சின்னதெல்லாம் வாங்க மாட்டேன் போடி!" என்று கத்தினேன். அவள் நடுங்கிக்கொண்டிருந்தாள். என் கோட்டைக் கழற்றி அவள்மேல் போட்டுவிட்டு, பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தேன்.