மூன்றேகால் லிட்டர் அமிலம்

ஐஸ் பெட்டிக்குள் இருந்த பீக்கரை பூலட்சுமி அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மீட்டரின் கண்ணாடிக் கம்பி அதற்குள் நின்றது. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். கெமிஸ்ட் சுஜனா மட்டும் போகாமல் மீட்டரில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த ஹைதராபாத் மருந்து ஆலையில் ஒன்பது வருஷமாக, மருந்தின் பி.எச். மாறாமல் காக்கும் பஃபர் கரைசலைக் கலக்குகிறவள் பூலட்சுமி. காண்டிராக்ட் ஆள். டிரிஸ் பொடியைத் தண்ணீரில் கரைத்து, பி.எச். எட்டு வரும்வரை அமிலம் ஊற்ற வேண்டும். குளிர் அறைக்குப் போனால் அது எட்டரைக்கு ஏறும். ஏன் ஏறுகிறது என்று அங்கே யாரும் கேட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை கலந்தது எட்டரையில் நிற்காமல் 8.97க்கு ஏறி, ஒரு தொட்டி மருந்தைத் திரிய வைத்துவிட்டது. ஜூன் முதல் தேதி அவளுக்கு நிரந்தர ஆணை வருவதாக இருந்தது. இப்போது வேலையே போகப்போகிறது.

"எட்டுலதான் நிறுத்தினேன் சுஜனா. என் பிள்ளைங்க மேல சத்தியம்."

"சத்தியமெல்லாம் எதுக்குக்கா? உன்னை எனக்குத் தெரியாதா? எவ்வளவு அமிலம் ஊத்தினே, அதைச் சொல்லு."

"மூணேகால் லிட்டர். எப்பவும் ஆறு குடிக்கும். கரண்ட் போற நாள்ல கொஞ்சம் கம்மியா குடிக்கும், பார்த்திருக்கேன். அன்னிக்கு ஞாயித்துக்கிழமைதானேன்னு ஏசியை நிறுத்திட்டாங்க. ரூம்ல முப்பத்தொன்பது டிகிரி. எனக்கே சந்தேகம் வந்து சூப்பர்வைசர்கிட்ட கேட்டேன். மீட்டர் எட்டு காட்டுதில்ல, வேலையைப் பாருன்னுட்டாரு."

சுஜனா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அட கடவுளே! இதை ஏன்க்கா முன்னாடியே சொல்லல?"

"யாரு கேட்டாங்க?"

சுஜனா ஒரு லேபிளின் பின்பக்கம் எழுதத் தொடங்கினாள். "சூடு ஏறினா டிரிஸோட பி.கே.ஏ. இறங்கிடும்கா. அமிலத்தைப் பிடிச்சு வெச்சுக்கிற தெம்பு குறைஞ்சிடும்னு வெச்சுக்கோ. அதான் பாதியிலேயே போதும்னுடுச்சு. குளிர்ந்ததும் தெம்பு திரும்பி வருது, பி.எச்.சும் ஏறுது. ஒரு டிகிரிக்கு 0.028. முப்பத்தொன்பதுலேர்ந்து குளிர் அறையோட நாலுக்கு இறங்கினா முப்பத்தஞ்சு டிகிரி. பெருக்கினா 0.98."

"எட்டோட கூட்டினா 8.98," என்றாள் பூலட்சுமி. பிறகு சந்தேகமாக, "மீட்டர்லதான் வெப்பத் திருத்தம் இருக்கே?"

"அது கம்பிக்கு மட்டும்தான். தண்ணி மாறுறதுக்கு மீட்டர் என்ன பண்ணும்?"

தன் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, பூலட்சுமியே காலையில் வெயிலில் வைத்து முப்பத்தொன்பது டிகிரியில் எட்டுக்குக் கொண்டுவந்த பஃபர்தான் பீக்கரில் இருந்தது. எண் ஏறி ஏறி 8.96இல் நின்றது. பூலட்சுமிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சுஜனா அவளுடைய மரத்துப்போன விரல்களைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டாள். சூடு வந்ததும் தன் டப்பாவைத் திறந்து சோள ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவள் கையில் வைத்தாள்.

"சாப்பிடு. தெலங்காணாவிலேயே பெரிய விஞ்ஞானி நீதான்."

"போடி, கேலி பண்ணாத," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள் பூலட்சுமி.

இருவரும் கொண்டுபோன கணக்கை மேலாளர் பிரபாகர சர்மா இரண்டு முறை படித்தார். "ரொம்ப அழகா இருக்கும்மா," என்றார். மனசாரத்தான் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா இதை எழுதினா, ஏசியை யாரு நிறுத்தச் சொன்னதுன்னு கேப்பாங்க. நான்தான் சொன்னேன். 'பணியாளர் பிழை'ன்னு அறிக்கை தயாரா இருக்கு. கெமிஸ்ட் நீ கையெழுத்துப் போட்டா முடிஞ்சிடும்."

"போட மாட்டேன் சார்," என்றாள் சுஜனா.

பூலட்சுமி அவளை வராந்தாவுக்கு இழுத்து வந்தாள். "போட்டுடு. நீ போடலேன்னா வேற யாராவது போடப்போறாங்க. என்னோட சேர்ந்து நீயும் வெளியே போய் என்ன ஆகப்போகுது?"

"அக்கா, உன் தப்பே இல்லையே!"

"அது உனக்குத் தெரியும்ல? எனக்கு அது போதும்டி." போதாதுதான். இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

சனிக்கிழமை பஃபர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சுவரில் புதிய செய்முறைத் தாள் ஒட்டியிருந்தது: '22 டிகிரியில் மட்டும் அளக்கவும். அமிலம் வழக்கத்தைவிடக் குறைவாகச் செலவானால் உடனே நிறுத்தித் தெரிவிக்கவும்.'

"உங்க பயிற்சிக் கையெழுத்து இல்லாம அந்த 'பணியாளர் பிழை' ஃபைலை மூட முடியாதும்மா," என்றார் அலுவலக குமாஸ்தா. "அதைப் போட்டுட்டு கேட் கார்டைக் கொடுத்துட்டுப் போங்க."

பூலட்சுமி படிவத்தை வாங்கினாள். புதிய செய்முறையைக் கற்பித்தவர் என்ற இடத்தில் சர்மா ஏற்கெனவே கையெழுத்திட்டிருந்தார். அதற்குக் கீழே, கற்றுக்கொண்டவர் என்ற இடத்தில், அவள் தன் பெயரைத் தெலுங்கில் நிதானமாக எழுதினாள்.