எத்தினி நாள் நிக்கும்?

ரோஹிணிக்குப் பொய் சொல்ல வராது. வராத வேலையெல்லாம் எப்படியோ அவள் தலையில்தான் வந்து விடியும். கேமரா மாட்ட ஆள் வருகிறார் என்பதை வீட்டு வேலைக்கு வரும் கங்கம்மாவிடம் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பை அவளிடம் தள்ளிவிட்டு, அவள் கணவன் ஷ்யாம்சுந்தர் சனிக்கிழமை என்றும் பாராமல் மறைமலை நகர் ஃபாக்டரிக்குக் கிளம்பிவிட்டான்.

"தெருவுல செயின் அறுக்கிறாங்களாம், கங்கம்மா. அதான் கேமரா போடலாம்னு..." என்று இட்லித் தட்டைத் துடைத்தபடி ஆரம்பித்தாள் ரோஹிணி. துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தாள்.

"போடேன் டீச்சரம்மா. பெருங்களத்தூர்ல எந்த வூட்ல இல்ல?" என்றாள் கங்கம்மா, பாத்திரத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அப்பாடா! ரோஹிணிக்குப் போன உயிரில் பாதி திரும்பியது. மீதி திரும்பாததற்குக் காரணம் இருந்தது. செயின் அறுப்பெல்லாம் சும்மா. மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கழற்றி வைத்த தோட்டில் ஒன்றைக் காணோம். கட்டிலடி, பீரோ அடி, குப்பைக்கூடை என்று வீட்டையே புரட்டிப் போட்டார்கள். கங்கம்மாவும் கூடவே குனிந்து தேடினாள். அப்போது ரோஹிணியின் கண் ஒருதரம் கங்கம்மாவின் ஒயர் கூடைமேல் போய் நின்றது. வாய் ஒன்றும் கேட்கவில்லை. சாயங்காலம் தலையணை உறையை உதறினால் தோடு டங்கென்று தரையில் விழுகிறது! ஜோடியைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். ஷ்யாமுக்கு போன், காஞ்சிபுரத்தில் இருக்கும் அம்மாவுக்கு போன், பிள்ளையாருக்கு ஒரு தேங்காய். ஷ்யாம்தான் பிடித்துக்கொண்டான். "இந்தத் தடவை கிடைச்சிடுச்சு. அடுத்த தடவை? கேமரா இருந்தா இந்தக் கன்ஃப்யூஷனே வராது."

எட்டு வருஷமாக வருகிறவள் கங்கம்மா. ரோஹிணி டெங்குவில் படுத்தபோது கஞ்சி வைத்து ஊட்டியவள். தன்னை மனசில் வைத்துத்தான் இந்தக் கேமரா என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால்? சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவாள். அதுகூடப் பரவாயில்லை, மனசு நொந்துபோவாளே!

பத்து மணிக்கு ஜோஷ்வா வந்தார். மேற்குத் தாம்பரத்தில் கேமராக் கடை வைத்திருப்பவர். நல்ல தொந்தி, வாய்க்கு வாய் மேடம். சாப்பாட்டு மேசையில் இரண்டு பெட்டிகளை வைத்தார்.

"மேடம், கேமரா எதை வேணா வாங்கலாம். இந்தப் பொட்டியிலதான் விஷயமே இருக்கு. என்விஆர். கேமரா பாக்கிறதை எல்லாம் இதுதான் சேத்து வைக்கும். இது நாலு கேமராவுக்கு, இது எட்டுக்கு. நாலே போதும், ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் போட்டுடுங்கன்னு சார் சொன்னாரு."

"சார் சொன்னதையே மாட்டிடுங்க," என்றாள் ரோஹிணி. சீக்கிரம் மாட்டிவிட்டு இந்த மனுஷர் கிளம்பினால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கங்கம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள்.

"அதுல எத்தினி நாள் நிக்கும் சார்?"

ஜோஷ்வா நிமிர்ந்து பார்த்தார். "பத்து, பதினோரு நாள் நிக்கும்கா. அப்புறம் பழசை அழிச்சிட்டு அதும்மேலயே எழுதிக்கும்."

"பத்து நாளா? பத்தாது."

"ஆள் நடமாடுறப்ப மட்டும் பதியற மாதிரி வச்சிட்டா, இதுலயே ஒரு மாசம் வரும்."

"அய்ய, அது வேணாம். நடுவுல வுட்டுப்போன நேரத்துலதான் எடுத்துட்டான்னு சொல்லுவாங்க. வுடாம புடிக்கணும், ஒரு மாசமும் நிக்கணும்."

"அப்போ பெரிய டிஸ்க்கா போடணும்கா. நாலு டிபி." ஜோஷ்வா பேச்சுவாக்கில் அவளையே வீட்டுக்காரி ஆக்கிவிட்டார். "வாசல்ல ரெண்டு, தோட்டத்துல ஒண்ணு, மாடிப்படியில ஒண்ணு."

"பீரோ ரூம் வாசலுக்கு நேரா ஒண்ணு போடு. நான் கூடைய எடுத்துகினு வெளிய போற கதவாண்ட ஒண்ணு."

"ஆறு ஆச்சே! அப்போ எட்டு கேமராப் பொட்டிதான் வேணும்."

ரோஹிணிக்குக் காது சுட்டது. "உள்ள எல்லாம் எதுக்கு, கங்கம்மா? வீட்டுக்குள்ள யாரு வரப்போறாங்க?"

"நான் வரேனே."

"உங்களை யாரு என்ன சொன்னா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. அதான் பேஜாரு. ஒரு வார்த்த கேட்டிருந்தின்னா நானும் நாலு வார்த்த பதிலுக்குக் கேட்டுட்டுப் போயிருப்பேன். அன்னிக்கு என் கூடையப் பாத்தியே, எனக்கு இன்னா கண்ணா இல்ல? மறுநாள்லருந்து 'டீ குடிக்கிறீங்களா'ன்னு ரெண்டு ரெண்டு தபா கேக்குற." கங்கம்மாவின் குரல் இறங்கியது. "இருவத்திரெண்டு நாளாச்சு டீச்சரம்மா. அந்தத் தோடு கெடச்சுதா, இல்லியா?"

ஐயோ! ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னவள், கூடவே குனிந்து தேடியவளிடம் சொல்லவில்லை. மறந்ததுகூட இல்லை. கிடைத்தது என்று சொல்லப்போனால், சந்தேகப்பட்டதையும் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகுமே என்று, நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டவள்.

"அன்னிக்குச் சாயங்காலமே கிடைச்சிடுச்சு. தலையணை உறையில இருந்தது."

"அன்னிக்கேவா?"

கங்கம்மா சுவரைப் பிடித்தபடி மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். "நான் தெனமும் வூட்டுக்குப் போயி என் கூடையக் கொட்டிக் கொட்டிப் பாத்துகினு கீறேன். எனக்கே தெரியாம அதுல வுழுந்து கெடக்குமோன்னு."

ரோஹிணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வெளி ஆள் நிற்கிறாரே என்றுகூட அவள் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தப்பு என்னோடதுதான். என்னை மன்னிச்சிடுங்க. இந்த வீட்ல உங்களுக்குக் கேமரா எதுக்கு? சார், ஒண்ணுமே வேணாம். எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடுங்க. அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

ஜோஷ்வா சத்தம் காட்டாமல் பெட்டிகளை அடுக்கத் தொடங்கினார்.

"வை சார் அத," என்றாள் கங்கம்மா. கையை ரோஹிணியின் பிடியிலிருந்து உருவி மூக்கைச் சிந்திக்கொண்டாள். "நீ நல்லவதான் டீச்சரம்மா. நல்லவ வூட்லயே இருவத்திரெண்டு நாளு. உனுக்கு வேணாம்னா போ. எனுக்கு வேணும்."

ரோஹிணி எழுந்து, எட்டு கேமராப் பெட்டியை ஜோஷ்வாவின் பக்கம் நகர்த்தி வைத்தாள்.