பாய் காருக்கு ஒரு ஸ்டார்ட்டர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் வளவனைத் தேட இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு: புத்தூர் ஜெகபர் அலி. அவரிடம் நூறு வருஷத்துக் கார் ஒன்று இருந்தது. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றினால்தான் அதற்கு உயிர் வரும். பாய்க்குத் தோள்பட்டை வலி. அதனால் திருவெறும்பூரிலிருந்து வளவன் பஸ் பிடித்துப் போய்ச் சுற்றுவார். பிறகு இருவரும் காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் வரை போய் வருவார்கள். மனைவி காலமாகி, மகளும் கனடா போனபின், வளவன் வாய்திறந்து பேசுவது வாரத்தில் அந்த ஒன்றரை மணி நேரம்தான்.

ஆடி மாதம் எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைத்து, கைப்பிடி அடித்து வளவனின் மணிக்கட்டு வீங்கிப்போனது. பாய் பதறிவிட்டார்.

"இனிமே நீங்க அதைத் தொடவே வேணாம். மோட்டார் டிசைன் பண்ற வேலைதான பார்த்தீங்க? இதுக்கும் ஒரு ஸ்டார்ட்டர் பண்ணிடுங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். முப்பது வருஷம் மோட்டார் வரைந்த மனுஷனுக்கு அந்தப் பொய் வாயில் வருமா? எஞ்சினின் ஃப்ளைவீல் சக்கரத்தில் பல் இல்லை, மோட்டாரை வைக்க இடமில்லை, ஆறு வோல்ட் பேட்டரி போதாது என்று மாதக்கணக்கில் இழுத்தடித்தார். எல்லாவற்றுக்கும் விடை முதல் வாரமே அவருக்குத் தெரியும். மோட்டாருக்குள் சுற்றும் செம்புக் கம்பியை ஒரு நம்பர் மெல்லிசாகப் போட்டால் மோட்டார் திணறும், கைப்பிடி மறுபடி வேண்டியிருக்கும். அந்தக் கணக்கையும் பேப்பரில் போட்டுப் பார்த்தார். சீ என்று ஆகிவிட்டது. கிழித்துப் போட்டுவிட்டுச் சரியான அளவையே வரைந்தார்.

மாட்டிய அன்று பாய் பொத்தானை அமுக்கினார். ஒரே அமுக்கு, எஞ்சின் பிடித்துக்கொண்டது. இறங்கி வந்து வளவனைக் கட்டிக்கொண்டார்.

"இனிமே ஞாயித்துக்கிழமை நிம்மதியா தூங்குங்க."

தூங்குவதற்கு எனக்கு ஏழு நாளும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சரி என்று தலையை ஆட்டினார்.

அடுத்த ஞாயிறு ஐந்தரைக்கே குளித்துவிட்டு பஸ் ஏறினார். ஸ்டார்ட்டரை ஒருதரம் பார்க்கவேண்டும் என்று தனக்குத்தானே ஒரு சாக்கு. புத்தூரில் ஷெட் திறந்து கிடந்தது, கார் இல்லை. பாயின் மனைவி ஆபிதா வெளியே வந்தார்.

"வாங்கண்ணே. அவங்க ஆறரைக்கே கிளம்பிட்டாங்களே. முன்னெல்லாம் உங்க பஸ் வர்ற வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கிட்டு நிப்பாங்க. இப்ப அந்தக் கஷ்டம் இல்ல. அல்லா உங்களுக்கு நல்லது செய்வான். டீ போடட்டுங்களா?"

"வேணாம்மா. சும்மா இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்" என்றார் வளவன்.

அந்தப் பக்கம் அவருக்கு வேறு வேலை எதுவும் கிடையாது.