உப்பு போடாத குழம்பு

லாரி ஓட்டுகிறவர்களுக்கு ஊர்களெல்லாம் சாப்பாட்டுக் கடைகளாகத்தான் நினைவிருக்கும். தையல்காரியின் கணவனும் அப்படித்தான். எந்த ஊரில் எதைச் சாப்பிடலாம், எங்கே கை நனைக்கவே கூடாது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஒருமுறை ஓட்டம் முடிந்து வந்தவன், ஒரு தூக்குச்சட்டியைக் கொண்டுவந்து அவளுடைய தையல் மெஷின் மேலேயே வைத்தான்.

"மீன் குழம்பு. இதுக்காகவே எங்கெங்கிருந்தோ கார் எடுத்துட்டு வராங்க. சாப்பிட்டுப் பாரு, அப்புறம் பேசு."

அவள் விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். சின்ன வெங்காயத்தைத் தோலோடு தீயில் கருகச் சுட்டு அரைத்த ருசி. அப்படி அரைக்கிறவள் அவளுக்குத் தெரிந்து ஒருத்திதான். அக்கா. பிடித்தவனோடு வீட்டைவிட்டுப் போனவள். அதற்குப் பிறகு அவள் பேச்சை எடுக்க அம்மா யாரையும் விட்டதில்லை.

"அடுத்த ஓட்டத்துல நானும் வரேன்" என்றாள்.

கடை பெரிய சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி இருந்தது. தகரக் கூரை, நீளநீள பெஞ்சுகள், வாசலில் இடத்துக்குக் காத்திருக்கும் கூட்டம். அவள் நேராகச் சமையல்கட்டு வாசலில் போய் நின்றாள். அடுப்படியில் இருந்த சமையல்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர் கையிலிருந்த கரண்டி பாதியில் நின்றது.

"சின்னவளா நீ? அதே முகம்."

"அக்கா எங்க?"

அவர் தீயைக் குறைத்தார். "உனக்கு யாரும் சொல்லலையா?"

அவரைக் கல்யாணம் செய்த மறு வருஷமே அக்கா காய்ச்சலில் போய்விட்டாளாம். சேதி சொல்ல அவரே வீட்டுக்குப் போயிருக்கிறார். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'அப்படி யாரும் எங்க வீட்ல இல்ல' என்று கதவைச் சாத்திக்கொண்டாளாம். தங்கை அப்போது தையல் கற்றுக்கொள்ளப் போயிருந்தாள். அக்கா எங்கேயோ நன்றாக இருக்கிறாள், வீம்புக்கு வராமல் இருக்கிறாள் என்று இத்தனை காலமும் மனதுக்குள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் அழுது ஓயும்வரை அவர் அடுப்பருகிலேயே நின்றார். பிறகு கொதிக்கும் குழம்பில் கொஞ்சம் எடுத்து ஆற்றி, அவள் உள்ளங்கையில் விட்டார். புளிப்பு இருந்தது, காரம் இருந்தது. உப்பு துளிகூட இல்லை.

"மறந்துட்டீங்க மாமா."

"நான் போடறதே இல்லம்மா. அவ போனப்புறம் நானும் எத்தனையோ தடவ வெச்சேன், வாயில வைக்க முடியல. ஒரு நாள் உப்பு போட மறந்து, மூடி வெச்சிட்டு வெளிய போயிட்டேன். வந்து பார்த்தா..." முடிக்காமல் சட்டியை மூடினார். சமையல்கட்டில் இருந்த எல்லோரையும் வெளியே வரச் சொன்னார்.

வெளியே நின்றார்கள். உள்ளே ஆளில்லை. மூடி ஒருமுறை சட்டியில் உரசும் சத்தம் கேட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் உள்ளே போய் மறுபடி ருசி பார்த்தாள். உப்பு கச்சிதமாக இருந்தது. "அக்கா" என்று கூப்பிட்டாள். அடுப்பு எரியும் சத்தத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

"பயமா இல்லையா மாமா?"

"பொண்டாட்டிக்குப் பயப்படாதவன் எவன்? ஆனா இதுக்குப் பயமில்ல."

அம்மா பின் தெருவில் தனியாக இருந்தாள். ஊர் திரும்பியதும் அவள் தட்டில் சோறு போட்டு, கடையிலிருந்து வாங்கிவந்த அந்தக் குழம்பை ஊற்றினாள் மகள். அம்மா ஒரு வாய் வைத்தாள்.

"உப்பே போடலையேடி."

மகள் தொட்டுப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. அம்மா உப்பு எடுத்துப் போட்டுப் பிசைந்தாள். இன்னும் போட்டாள். சோற்றின் மேல் உப்பு பரல்பரலாகத் தெரிந்தது.

"இப்பவும் சப்புன்னு இருக்கு. யாரு வெச்சது?"

"அக்கா வீட்டுக் குழம்புமா."

பிசைந்த கை அப்படியே நின்றது. அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "அந்தப் பையன் வாசல்ல நின்னு அழுதான். நான் கதவச் சாத்திட்டு வந்து சோறு வடிச்சேன். நீ வந்ததும் உனக்குப் போட்டேன்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா அவ செத்துப் போயிடுவாளே."

அடுத்த ஓட்டத்துக்கு அம்மாவும் லாரியில் ஏறினாள். கடைக்குப் போனதும் சமையல்கட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே என்ன சொன்னாள், யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது. சோறு கேட்டாள். குழம்பு ஊற்றி நிதானமாகச் சாப்பிட்டாள்.

"உப்பு சரியா இருக்கு மாப்ள" என்றாள். சமையல்காரரை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி ஊற்றினார்.

மறுநாள் வழக்கம்போல் சட்டியை மூடிவிட்டு வெளியே வந்தார். திரும்பிப் போய்ப் பார்த்தபோது குழம்பில் உப்பு இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை.

இப்போது அவரே போடுகிறார். ஒரு நாள் கூடிவிடுகிறது, ஒரு நாள் குறைந்துவிடுகிறது. கடை பழையபடி இல்லை என்று பேச்சாகி, கார்கள் வருவது குறைந்துவிட்டது. லாரிக்காரன் மட்டும் விடாமல் நிறுத்துகிறான். சில சமயம் மனைவியும் கூடப் போகிறாள்.

போன தடவை சமையல்காரர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவ உங்க வீட்டுக்கு வந்துட்டாளா?"

"இல்ல மாமா" என்றாள்.

தானும் ஒரு நாள் உப்பில்லாமல் குழம்பு வைத்து, மூடிவிட்டுத் தெருவில் போய் நின்றதையும், திரும்பி வந்தபோது அதில் உப்பு இல்லாததையும் அவள் அவரிடம் சொல்லவில்லை.